உலர் எடை

செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறரை.
புலாவ் தீக்குஸ் சந்தைக்குப் பின்னால் எங்கள் மையம்.
கீழே பல் மருத்துவர், மேலே நாங்கள்,
பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு இயந்திரம்.
ஒன்பதாவதில் நக்லே பொத்ரோஸ்.
பத்தாவதில் இருக்கும் சின்னக்கண்ணு அண்ணன் கூப்பிடுவதைக் கேட்டு
அவரும் என்னை மிஸ்ஸி என்கிறார்.
அரபு நாக்கில் அந்த 'ஸ்' கொஞ்சம் அதிக நேரம் நிற்கும்.

மகளுக்கு பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலை வேலை.
அதனால்தான் பினாங்கு.
இல்லாவிட்டால் உலகப்படத்தில் இந்தத் தீவை
ஈயின் எச்சமென்று துடைத்திருப்பேன் என்றார் முதல் நாள்.
அன்றைக்கு ஊசியை நான் மெதுவாகச் செருகவில்லை.

நான்கு மணி நேரம் நாற்காலியில் கட்டிப்போட்டால்
எந்த மனிதனும் பேசுவான்.
முன்னாள் அமைச்சர் என்றால் கேட்கவே வேண்டாம்.

பேக்கா பள்ளத்தாக்கு.
பாட்டன் காலத்துத் திராட்சைத் தோட்டம், பாறையைக் குடைந்த நிலவறை,
ஆயர்களின் மேசைக்குப் போகும் வைன்.
போர் ஆண்டுகளில், குண்டு ஓயும் இடைவெளியில்,
விளக்கில்லாமல் தடவித் தடவி அறுவடை.
லாரி துறைமுகம் சேர்வதற்குள் பதினொரு சோதனைச் சாவடி.
எந்தக் கொடிக்கு எத்தனை பெட்டி,
எந்தத் தாடிக்குப் போத்தல் நீட்டக்கூடாது, பணம்தான் நீட்டவேண்டும்.
"அரசியல் அங்கே படித்தேன் மிஸ்ஸி. பட்டம் அப்புறம் வாங்கினேன்."

அண்ணனைக் காரோடு எரித்தார்கள்.
நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும்
அண்ணனின் கோட்டை இவருக்குப் போட்டுப் பார்த்தார்கள்.
கை நீளம் மட்டும் சரியில்லை. தையற்காரர் வந்தார்.
தொகுதியும் வந்தது.

மூன்று முறை ஜெயித்தார். எட்டு மாதம் அமைச்சர்.
என்ன துறை என்று கேட்டேன்.
நீர்
என்றார், குழாயைப் பார்த்துக்கொண்டே.
இப்போது அவருக்கு நாளைக்கு அரை லிட்டர்,
மாத்திரை விழுங்குவதும் சேர்த்து.

வைனைப் பற்றி அவர் பேசும்போது
நான் இரத்த அழுத்தம் பார்க்கப் போய்விடுவேன்.
என் வீட்டுக்காரர் குடித்ததற்குப் பள்ளத்தாக்கு இல்லை, ஆண்டு இல்லை.
சுங்கை டுவாவில் ஒரு மளிகைக்கடையின் பின்கட்டு,
உள்ளங்கை அளவு போத்தலில் சம்சு.
நாற்பத்து நான்கில் ஈரல் போனது.
இதை இவரிடம் சொன்னதில்லை.

போன செவ்வாய், உலர் எடைக்கு மேல் நான்கு கிலோ.
தராசு பிரச்சாரத்துக்கு மயங்காது.
"ஒரே ஒரு கிளாஸ். எங்கள் தோட்டத்துப் போத்தல். மகள் எங்கேயோ தேடிப்பிடித்தாள்."
ஒரே ஒரு கிளாஸ் என்கிற ஆண்களை எனக்குத் தெரியும்.
நான்கு கிலோவுக்கு எத்தனை கிளாஸ் என்பதும் தெரியும்.
அட்டையில் எழுதினேன்.

மூன்றாம் மணியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.
பாதத்தை என் இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தேய்த்தேன்.
வலியில் ஒரு பெயர் சொன்னார்.
ஆள் என்று நினைத்தேன். ஊராம்.
தோட்டத்துக்குக் கீழே இருந்த ஊர். ஊற்று அவர்களுடையது.
எட்டு மாதத்தில் ஒரு கையெழுத்து,
வாய்க்கால் மேட்டுக்குத் திரும்பிவிட்டது.
அந்த ஆண்டு வைனுக்குத்தான் பாரிஸில் பதக்கம்.
நேற்றுத் திறந்ததும் அதே ஆண்டு.

"நல்லா இருந்துச்சா?"
கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.
இயந்திரம் இரண்டு முறை கத்தி அடங்கியது.
"ரொம்ப," என்றார்.

மூன்றரை லிட்டர் இறங்கியிருந்தது.
கழிவுக் குழாயைக் காட்டி, இது எங்கே போகிறது என்றார்.
கர்னி பக்கமாய்ப் போய்க் கடலில் சேரும் என்றேன்.
கோப்பு வந்ததுபோல் தலையாட்டினார்.

ஊசியை உருவிப் பஞ்சு வைத்தேன்.
நீங்களே அழுத்திப் பிடியுங்கள், பத்து நிமிடம்,
நடுவில் எடுத்துப் பார்க்கக்கூடாது.

ஏழாம் நிமிடம் எடுத்துப் பார்த்தார்.